கமிட்டி போட்டாச்சா தம்பி?

வா தம்பி, திண்ணையில உக்காரு. புது எருசலேம் கோயில்ல புள்ளைங்களுக்குப் பாரம்பரியக் கல்வி நடத்தப் போறியாமே. கமிட்டி போட்டாச்சா? பேனர் அடிச்சாச்சா? அப்ப முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. இனிமே புள்ளைங்களைப் புடிச்சாப் போதும்.

நிகழ்ச்சித் தாளைப் பாத்தேன். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. நல்ல ஏற்பாடு. தரங்கம்பாடிக் காத்துக்குப் புள்ளைங்க சொகமாத் தூங்கும்.

இந்தக் கோயிலக் கட்டுன ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு பாவம், அவருக்கு இந்த வசதியெல்லாம் இல்ல. 1706 ஜூலை 9ல இங்க கரை எறங்குறாரு, மறுநாள்தான் 24 வயசு நெறையுது. தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. பொடிப் பசங்களோட சம்மணம் போட்டு உக்காந்து, மணல்ல வெரல வச்சு எழுதிப் பழகுனாரு. ஒனக்கு வேட்டி அழுக்காயிடும், வேணாம். அவரு மறுவருசமே பொம்பளப் புள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் வச்சிட்டாரு. ஒன் கமிட்டியில பதினோரு பேரு இருக்கீங்க. பொம்பளைங்கள டீ போட வச்சிருக்கியோ என்னமோ.

கோயில் வாசல்ல நின்னு என்னைக்காவது அண்ணாந்து பாத்திருக்கியா? மேல ஒரு கிரீடம், எழுத்துப் பின்னல், 1718ன்னு வருசம். அவர இங்க அனுப்பி வச்ச டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக்கோட முத்திரை. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் குடுத்து வரையச் சொல்லு. அரைமணி நேரம் மூச்சுக் காட்டாது. ஆனா மைக்குக்காரனுக்குச் சும்மா கூலி போவும், அதான் யோசனை.

அங்கேருந்து பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறைக்கு நடத்திக் கூட்டிப் போ. ஏன் இந்தப் பேருன்னு புள்ளைங்களே கேக்கட்டும். இங்க சீகன்பால்கு வச்சிருந்த அச்சுக்கூடத்துக்குக் கடுதாசி செஞ்ச எடமில்லியா! ஜெர்மனியில வார்த்தனுப்புன தமிழெழுத்து பெருசாப் போச்சு, கடுதாசியத் தின்னுது. சீமையிலேருந்து பாலாடைக்கட்டி அடைச்சு வந்த டப்பா ஈயத்த உருக்கி இங்கேயே பொடி எழுத்தா வார்த்தாங்கம்பாங்க. 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு முழுசா வந்துட்டுது. நீயும் பிரியாணி டப்பா குடுக்கறியாம். எதுக்கும் மூடிய பத்திரமா வையி.

கோயிலுக்குள்ள மேடை போடறப்ப எடம் பாத்துப் போடு. பீடத்துப் பக்கம் சீகன்பால்கு படுத்திருக்காரு. 36 வயசுல கண்ண மூடுன மனுசன், ஒன் வாழ்த்துரைக்கு எந்திரிச்சு ஓட முடியாது.

சரி, பேனர்ல என் பேரு இருக்கா? பொடி எழுத்தா இருந்தாலும் போதும், ஈயம் நான் தர்றேன்.