சாவிக்கொத்துச் சத்தம்

வாடா பேராண்டி, உட்காரு. திண்ணைதான், கூசாதே. மனோதத்துவம் படிக்கப் போய் ஒரு செமஸ்டர்கூட முழுசா முடியலை. அதுக்குள்ள அப்பத்தாவுக்கு என்ன கோளாறு, எனக்கு என்ன கோளாறு, எதுத்த வீட்டு எருமைக்கு என்ன கோளாறுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே. நேத்து ராத்திரி நீ போனை நெஞ்சுல போட்டுக்கிட்டுத் தூங்கையில உன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி பழசு, எழுத்து பொடிசு, இருந்தாலும் பாதி தேறிட்டேன். நீ இன்னும் முதல் பாடத்துலதான் மயிலிறகு வச்சிருக்கே.

அந்த ரஷ்யாக்காரர் பாவ்லோவ் மனசைப் பார்க்கப் போனவரே இல்லைடா. நாய்க்குச் சோறு எப்படிச் செரிக்குதுன்னு பார்க்கப் போனவர். 1904-ல நோபல் பரிசு வாங்கினதும் அந்தச் செரிமான வேலைக்குத்தான். போன இடத்துல, சோறு வாய்க்கு வருமுன்னே, சோறு கொண்டாற ஆளோட காலடிக்கே நாய் எச்சில் ஒழுக்கியிருக்கு. இன்னொருத்தனா இருந்தா வேலை கெட்டுச்சேன்னு நாயை வைதிருப்பான். இவர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். பாட்டுக்காரங்க தாளத்துக்கு வச்சுக்கிற மெட்ரோனோமை டிக் டிக்னு ஓடவிட்டு, உடனே சோறு. திரும்பத் திரும்ப இதே. அப்புறம் டிக் டிக் மட்டுமே போதும், வாய் ஊறிடும். இதுக்கு ஆக்கநிலையுறுத்தல்னு பேர் வச்சிருக்காங்க. நாக்கு சுளுக்காமச் சொல்லிப் பழகு, வைவாவுல கேப்பாங்க.

சோறு போடாம சத்தத்தை மட்டும் கேட்க வச்சுக்கிட்டே இருந்தா எச்சில் கொஞ்சங்கொஞ்சமா வத்திப்போகும். ஆனா கொஞ்சம் ஓய்வு குடுத்துட்டு மறுபடி சத்தம் போட்டுப் பாரு, திரும்ப ஊறும். அந்தப் பக்கத்தைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் பீடியை விட்ட கதையை யார்டா இவங்ககிட்டச் சொன்னது?

அடுத்து அமெரிக்காக்காரர் ஸ்கின்னர். இவருக்கு எலியும் புறாவும். 1948-ல வெளியிட்ட ஆராய்ச்சியில எட்டுப் புறாவைப் பசியோட தனித்தனிக் கூண்டுல விட்டிருந்தார். அது என்ன செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி, குறிச்ச நேரத்துக்கு ஒருக்கா தீனி வரும். ஆறு புறா, தீனி வந்த நேரத்துல தான் எதேச்சையாச் செஞ்சதையே காரணம்னு பிடிச்சுக்கிச்சு. ஒண்ணு கூண்டைச் சுத்திச் சுத்தி வருது, ஒண்ணு மூலையில தலையை முட்டுது. பூனை குறுக்கே போனா நான் நின்னு போறேன்னு கிண்டல் பண்ணினியே, பரீட்சைக்கெல்லாம் அந்த நீலச் சட்டையைத் துவைக்காமப் போட்டுக்கிட்டுப் போற புறா யாருடா?

பரீட்சைன்னதும் ஞாபகம் வருது. ஜெர்மன்காரர் எப்பிங்ஹாஸ், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே உட்கார்ந்து உருப்போட்டு, எவ்வளவு மறக்குதுன்னு கணக்கு வச்சு 1885-ல புத்தகம் போட்டார். முந்தின நாள் ஒரே மூச்சுல 68 தடவை சொன்னதும், மூணு நாளாப் பிரிச்சு 38 தடவை சொன்னதும் மறுநாள் ஒரே பலனைத்தான் குடுத்துச்சாம். கிட்டத்தட்டப் பாதி உழைப்பு மிச்சம். உன்னை மாதிரி சோம்பேறிக்குன்னே கண்டுபிடிச்சது. நீ என்னடான்னா முந்தின ராத்திரி டீயைக் குடிச்சுக் குடிச்சு 68 போடுறே.

ஸ்கின்னர்கிட்ட இன்னொரு சூட்சுமம் இருக்கு, அதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன். கூண்டுல இருக்கிற கட்டையை அழுத்துறப்பல்லாம் தீனி கிடைச்சுப் பழகின எலி, தீனி நின்னதும் சீக்கிரமே அழுத்துறதை விட்டுடும். எப்ப கிடைக்கும்னே தெரியாம எப்பவாவது கிடைச்சுப் பழகினது லேசுல விடாது, அழுத்திக்கிட்டே கிடக்கும். நீ போனை எடுத்து எடுத்துப் பார்க்குறது அப்படித்தான்.

லீவுக்கு வந்து அஞ்சு நாள் ஆச்சு. டிரங்குப் பெட்டியைத் திறந்து உனக்குக் காசு குடுத்தது ரெண்டே நாள். ஆனா அஞ்சு நாளும் சாவிச் சத்தம் கேட்டதும் கொல்லையிலிருந்து ஓடியாந்தே. எந்த நாள் குடுப்பேன்னு உனக்கும் தெரியாது, அப்பத்தாவுக்கும் தெரியாது.

இப்ப ஏண்டா கழுத்தை நீட்டுறே? இடுப்பு அரிச்சுச்சு, சொறிஞ்சேன். கொத்து குலுங்கிடுச்சு, அவ்வளவுதான்.