டாக்டர் வண்டி

எங்கள் பக்கத்தில் பழைய கார் விற்கும் இடத்துக்குக் கன்சல்டிங் என்று பெயர். ஆலோசனை மட்டும் அங்கே கிடைக்காது. தகரக் கூரை, கீழே ஜல்லி, சாலைப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு பன்னிரண்டு பதினைந்து கார்கள், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் கன்சல்டிங்காரர். கோவையிலிருந்து ஈரோடு வரை எந்தப் பைபாஸில் போனாலும் இவர் இருப்பார். ஊருக்கு ஊர் முகம் மாறும். விபூதியும் வெள்ளைச் சட்டையும் இரண்டு செல்போனும் மாறா.

என் மச்சினன் கார் வாங்கப் போனபோது நான் துணைக்குப் போனேன். கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்பதோடு என் கார் ஞானம் முடிந்துவிடும். அதைச் செய்து முடித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

“டாக்டர் வண்டிங்க” என்று முதல் காரைக் காட்டினார். இரண்டாவது டீச்சரம்மா வண்டி. பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் தவிர அது வேறு எதையும் கண்டதில்லை. மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் பையன் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. நான்காவது மறுபடியும் டாக்டர். கன்சல்டிங்காரர்கள் இதுவரை விற்ற டாக்டர் வண்டிகளைக் கணக்கெடுத்தால், நாம் ஏன் இன்னும் டோக்கன் போட்டுக் காத்துக்கிடக்கிறோம் என்பது புரியாது.

ஒரு செடானின் கூரையில் கேரியர் மாட்டியிருந்த தடம் தெரிந்தது. பின் பம்பரில் ஒளிப்பட்டை ஒட்டிப் பிய்த்த பசைக் கறை.

“டி போர்டா ஓடினதை ஓன் போர்டு ஆக்கினதுங்களா?” என்றேன்.

“டாக்டர் வருஷா வருஷம் சபரிமலை போவாருங்க. இருமுடி வைக்கக் கேரியர் போட்டிருந்தாரு.”

பசைக் கறையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கும் ஒரு சாமி வைத்திருப்பார்.

இவருக்கு ஊர்களைப் பற்றித் தனி பூகோளம் உண்டு. டிஎன் 43 என்றால் ஊட்டி, “குளுகுளுன்னு இருந்த வண்டி, இன்ஜின் சூடே ஆனதில்லீங்க.” மலையேறும் வண்டியின் கிளட்சும் பிரேக்கும் என்ன பாடு படும் என்பது அந்தப் பூகோளத்தில் இல்லை. டிஎன் 69 தூத்துக்குடி; “கடல்காத்து வாங்கின வண்டிங்க.” அந்தக் காற்றில் உப்பும் உண்டு, அடித்தகட்டைக் குனிந்து பார்த்தால் தெரியும். சென்னை வண்டியானால் நாம் கேட்பதற்கு முன்பே, “ஓனர் வீடு மேட்டுல இருந்ததுங்க” என்பார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் மிதந்ததை ஊரே டிவியில் பார்த்தது. அவர் விற்கும் கார்களின் ஓனர்கள் மட்டும் தப்பாமல் மேட்டில் குடியிருந்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை வெளியே இழுத்துப் பார்க்கச் சொல்வார் எங்கள் மெக்கானிக். தண்ணீரில் நின்ற வண்டியானால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். இழுத்தேன். பத்து வருஷக் காரில் பெல்ட் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் பளபளத்தது. இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று மெக்கானிக் சொல்லித் தரவில்லை.

மச்சினன் இதில் எதையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு காரிலும் தலையை நுழைத்து மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். எழுபதாயிரத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது அவனுடைய வேண்டுதல்.

கன்சல்டிங்காரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஷெட்டில் எழுபதாயிரத்தைத் தாண்டிய கார் ஒன்றே ஒன்றுதான் நின்றது. கடைசியில், வேப்பமரத்தடியில், இலையும் பறவை எச்சமும் சுமந்துகொண்டு. மீட்டரில் 3,14,000. நிலாவுக்குச் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர் என்பார்கள். இன்னும் எழுபதாயிரம் ஓட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

“இதை நாஞ் சொல்றேன், கேளுங்க தம்பி” என்று ஒரு கனத்த ஃபைலை எடுத்து வந்தார். கோவைக்கும் சென்னைக்குமாக ஓடிய கம்பெனி வண்டி. அஞ்சாவது கியரிலேயே ஆயுள் கழிந்தது. ஆயில் மாற்றிய ஒவ்வொரு தடவைக்கும் பில், டைமிங் பெல்ட் மாற்றிய இரண்டு பில், இன்ஜெக்டர், சஸ்பென்ஷன், எல்லாம் தேதியோடு. டவுனுக்குள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் உருண்டு அறுபதாயிரம் ஓடிய வண்டியைவிட இது மேல் என்றார். அன்று முழுக்க அவர் பேசியதில் டாக்டர் வராத பேச்சு அது ஒன்றுதான்.

“மூணு லட்சமுங்களா!” என்று மச்சினன் சூடுபட்டவன் மாதிரி பின்வாங்கினான்.

அவர் மறு வார்த்தை பேசாமல் ஃபைலை மூடினார். முகத்தில் அலுப்புத்தான் தெரிந்தது. எத்தனை பேருக்குப் பிரித்துக் காட்டி மூடினாரோ, ஃபைலின் முனையெல்லாம் மடங்கியிருந்தது.

பிறகு முதல் டாக்டரிடமே திரும்பினோம். வெள்ளை டீசல் வண்டி, பன்னிரண்டு வயது, மீட்டரில் 62,400. வருஷத்துக்கு 5,200 கிலோமீட்டர். ஆனால் ஸ்டியரிங்குக்கு வழுக்கை விழுந்திருந்தது. டிரைவர் சீட்டின் வலது ஓரம், எருமை உரசிய மண்சுவர்போல் சரிந்திருந்தது. பெடல் ரப்பர்கள் மட்டும் புத்தம் புதிது.

“மீட்டரைத் திருப்பியிருக்குமோ?” என்று மெல்லக் கேட்டேன். முன்பெல்லாம் கேபிளைக் கழற்றிப் பின்பக்கம் சுற்றுவார்களாம். இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி லேப்டாப்பில் முடித்துவிடுகிறார்கள்.

அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “அந்தப் பாவமெல்லாம் நாம தொடறதில்லீங்க. சுத்துப்பட்டுல பண்றாங்க, இல்லீங்கல. இந்த டாக்டர் ஆள் கொஞ்சம் குண்டுங்க, அதான் சீட்டு.”

மச்சினன் கண்ணில் கனிவோடு அந்த 62,400-ஐப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்று அவனுக்கும் தெரியாமல் இல்லை. “மாமா, ஊர்ல நாலு பேரு எட்டிப் பார்த்தா மீட்டரைத்தானே பார்ப்பாங்க” என்றான். அதற்குமேல் துணைக்கு வந்தவனுக்கு என்ன வேலை?

பேப்பர் வேலையில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். “ஃபாரம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து இருக்குதுங்க. பேரு மாத்தறது உங்க சௌகரியம், மெதுவா பண்ணிக்கலாம்” என்றார். வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கவேண்டும் என்கிறது சட்டம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கும் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும், “அப்ப அந்த டாக்டர்தானுங்க பயப்படணும், நீங்க எதுக்கு?” என்றார். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவில் அங்கீகாரம் வாங்க வேண்டுமே என்றேன். “மாட்டியிருக்கோமுங்க” என்று சுவரைக் காட்டினார். அங்கே பிள்ளையார் இருந்தார்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி வீட்டுக்கு வந்தது. மூன்றாம் மாதம் குடும்பத்தோடு பண்ணாரி போனோம். புளியம்பட்டி நெருங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. அந்த இன்ஜினுக்கு ஒரு லட்சம் வாக்கில் பெல்ட் மாற்றவேண்டும். மீட்டர் அறுபத்தாறாயிரம் காட்டுகிறதே, இன்னும் காலம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தான் மச்சினன். பெல்ட்டுக்கு மீட்டர் படிக்கத் தெரியாது. அறுந்ததும் வால்வெல்லாம் பிஸ்டனில் இடித்து வளைந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஹெட்டையே இறக்கும்படி ஆனது.

கோபத்தில் கன்சல்டிங்காரருக்குத்தான் போன் போட்டான். எடுக்கமாட்டார் என்று நினைத்தோம். எடுத்தார். ஒரு மணி நேரத்தில் கயிறோடு நேரிலேயே வந்து இறங்கினார். வந்த வண்டி அந்த வேப்பமரத்தடி வண்டி. விலைபோகாததால் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டாராம்.

எங்கள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டார். ஸ்டியரிங் பிடிக்க நான் பின்னால் எங்கள் காரில் உட்கார்ந்தேன். மச்சினன் குடும்பத்தோடு அவர் வண்டியில் ஏறிக்கொண்டான். அன்னூர் வரைக்கும் அந்த மூன்று லட்சம் கிலோமீட்டர் கிழவி, ஏழு பேர் பாரத்தையும் ஒரு காரையும் இழுத்துக்கொண்டு முனகாமல் போனது. மெக்கானிக் ஷெட்டில் இறங்கியதும் மச்சினன் அதன் பானெட்டைத் தடவிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டான்: “ஏனுங்ணா, இதை எவ்வளவுக்குக் குடுப்பீங்க?”

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார்.

“அன்னைக்குச் சொன்னதைவிட முப்பதாயிரம் கூட ஆகுமுங்க தம்பி. கிளட்ச் புதுசு போட்டிருக்கேன், பில்லு இருக்குது. மீட்டர்தான் உறுத்துதுன்னா சொல்லுங்க. அதுக்குத் தனியா ஒண்ணும் வாங்கிக்க மாட்டேன்.”