120 மில்லிமீட்டர் போதும்!
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள் ஒன்று வாங்க உத்தேசம். கடைக்காரர் 'ஷார்ட் ட்ராவல் ட்ரெயில் பைக்' எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அது என்ன ரகம்?

பதில்: உத்தமமான ரகம். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறும்போது பிரேமை நோக்கி எவ்வளவு தூரம் எழும்ப இடமுண்டோ, அந்தத் தூரத்துக்கு ட்ராவல் என்று பெயர். பந்தயக்காரர்களின் கிராஸ் கன்ட்ரி சைக்கிளில் அது 100 முதல் 120 மில்லிமீட்டர். பாறைச் சரிவுகளில் இறங்குவதையே விரதமாகக் கொண்டவர்களின் எண்டியூரோ சைக்கிளில் 150 முதல் 170. லிஃப்டில் ஏறிப் போய் இறங்குவதற்கென்றே பிறந்த டவுன்ஹில் சைக்கிளில் 200. இவற்றுக்கு நடுவே, பின்னால் 110 முதல் 130, முன்னால் 120 முதல் 140 என்ற அளவோடு, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சமமாகச் சம்மதிக்கிற சைக்கிளைத்தான் அவர் காட்டியிருக்கிறார். சாண்டா குரூஸ் டால்பாய், எட்டி எஸ்.பி.120 ஆகிய இரண்டும் பின்னால் 120, முன்னால் 130 கொண்டவை. தங்களுக்கு வாய்த்தவர் யோக்கியமான கடைக்காரர். விலை கூடிய பெரிய சைக்கிளைத் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை.

கேள்வி: எந்த நிறம் வாங்கலாம்?

பதில்: சேற்றின் நிறம். எதை வாங்கினாலும் முதல் மழைக்குப் பிறகு அதுதான்.

கேள்வி: ட்ராவல் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே? விலை ஒன்றாக இருக்கும்போது 160-ஐ விட்டு 120-ஐ ஏன் வாங்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருந்தேன். ட்ராவல் இனாமாக வருகிற சௌகரியம் அன்று. 160 மில்லிமீட்டர் அசைவைத் தாங்க வேண்டுமானால் ஃபோர்க்கின் குழாய் தடிக்க வேண்டும். குழாய் தடித்தால் பிரேம் பலக்க வேண்டும். பிரேம் பலத்தால் அதற்கேற்ற கனமான சக்கரமும் டயரும் வேண்டும். இத்தனையையும் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போக வேண்டிய கால்களோ முன்பிருந்த அதே இரண்டு கால்கள்! இரண்டு பேர் ரசத்துக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிறவர்களை நாம் புத்திசாலிகள் என்று சொல்வதில்லை.

சிரமம் ஏற்றத்தோடு முடிந்தால் பாதகமில்லை. வேரும் கல்லும் விரவிய சாதாரண ஒற்றையடிப் பாதையில் பெரிய சைக்கிள் மேடுபள்ளங்களையெல்லாம் விழுங்கிவிட்டு, ஓட்டுகிறவருக்கு ஒரு சேதியும் சொல்லாமல் மௌனமாக இறங்கிவிடுகிறது. சிறிய சைக்கிளோ, பள்ளத்தில் தாங்கள் காலை அழுத்தினால் அந்த அழுத்தத்தை அப்படியே வேகமாக்கித் திருப்பித் தருகிறது. சிறு மேட்டில் சற்றே உடலைத் தூக்கினால் தானும் துள்ளுகிறது. பாதையைத் தங்கள் உள்ளங்காலுக்குப் படித்துச் சொல்கிறது. ஆகையால் கனவில் இறங்குகிற மலையை வைத்து வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்குகிற மலையை வைத்து வாங்குங்கள். கனடாவின் விஸ்லர் போன்ற பைக் பார்க்கில் வாரந்தோறும் லிஃப்ட் ஏறுகிற பாக்கியசாலியாக இருந்தால் மட்டும் பெரியதையே வாங்குங்கள். அங்கே சிறியது அடி தாங்காது.

கேள்வி: கார்பனா, அலுமினியமா?

பதில்: முன் டயர் எது என்று முதலில் சொல்லுங்கள், பிரேமைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

கேள்வி: ட்ராவல் குறைந்தும் இக்காலத்துச் சிறிய சைக்கிள்கள் செங்குத்தில் துணிவாக இறங்குவது எப்படி?

பதில்: கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரை அடுத்த பைன் மலையில், சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1300 அடி சரிகிற ஒரு மண் பாதை உண்டு. 1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி சில இளைஞர்கள் பழைய பலூன் டயர்ச் சைக்கிள்களைக் கொண்டுவந்து, யார் முதலில் கீழே போய்ச் சேர்வது என்று அங்கே பந்தயம் விட்டார்கள். ரீபாக் என்று பிரசித்தி பெற்ற பந்தயம் இதுவே. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக். அது காய்கிற காய்ச்சலில் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, புது கிரீஸ் அடைத்து, மறுபடி மலையேற வேண்டும். இந்தப் பாதையில் கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கினார். அவர் சைக்கிளின் ட்ராவல் எவ்வளவு? பூஜ்யம்!

ட்ராவல் இல்லாமலே அவர்களை இறக்கியவை கனத்த டயரும், நீண்ட சட்டமும், சாய்ந்து நின்ற ஃபோர்க்கும். பிற்பாடு வந்த பந்தய யுகம் ஃபோர்க்கை நிமிர்த்திவிட்டது. 1990-களில் ஹெட் ஆங்கிள், அதாவது தரையோடு ஃபோர்க் செய்யும் கோணம், 71 டிகிரியை ஒட்டியே நின்றது. அந்த நிமிர்ந்த ஃபோர்க்கோடு செங்குத்தில் இறங்கினால் முன்சக்கரம் தங்கள் அடியிலேயே இருக்கும். ஒரு கல் தடுத்தால் தாங்கள் ஹாண்டில்பாருக்கு அப்பால் இருப்பீர்கள். பெரிய சைக்கிளின் சாய்ந்த உடலமைப்பைச் சிறிய ட்ராவலுக்கும் கொடுத்தால் என்ன என்று பின்னர் சிலருக்குத் தோன்றியது. 111 மில்லிமீட்டர் கொண்ட கோனா ப்ராசஸ் 111 அவ்வழியின் முன்னோடிகளில் ஒன்று. 2020-இல் வந்த ட்ரான்ஸிஷன் ஸ்பர், முன்னும் பின்னும் 120-தான் என்றாலும் 66 டிகிரிச் சாய்வோடு வந்து பெரிய சைக்கிள் வைத்திருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆகவே கடையில் ட்ராவலைக் கேட்பதற்கு முன் மூன்று அளவுகளைக் கேளுங்கள்: ஹெட் ஆங்கிள் 65 அல்லது 66 இருக்கிறதா, ஏற்றத்தில் உடல் பின்னால் சரியாதபடி சீட் டியூப் 76 டிகிரியை ஒட்டி நிமிர்ந்திருக்கிறதா, நின்றபடி ஓட்டும்போது முழங்காலும் ஹாண்டில்பாரும் முட்டாத அளவுக்கு ரீச் என்கிற முன்னீளம் நீண்டிருக்கிறதா? மூன்றும் சரியானால் மீதி தங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: போனில் இயக்கும் எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் வாங்கலாமா?

பதில்: சார்ஜ் போட மறந்துபோன ஞாயிற்றுக்கிழமை இதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: ஹார்ஸ்ட் லிங்க், டி.டபிள்யூ. லிங்க் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எது சிறந்தது?

பதில்: ஹார்ஸ்ட் லைட்னர் வகுத்த பின் சஸ்பென்ஷன் இணைப்பின் காப்புரிமையை 1998-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது, 2013-இல் அது அமெரிக்காவில் காலாவதியானதும் பல நிறுவனங்கள் அதே இணைப்பைத் தாராளமாக எடுத்தாண்டன. டேவ் வீகலின் டி.டபிள்யூ. லிங்க்கை ஐபிஸ், பிவட் நிறுவனங்கள் கொண்டாடுகின்றன. எல்லோரும் சாதிக்க முயல்வது ஒரே காரியத்தைத்தான்: மிதிக்கும்போது சைக்கிள் குந்தி குந்தி எழக்கூடாது; கல்லில் மோதும்போது மட்டும் வளைந்து கொடுக்க வேண்டும். 120 மில்லிமீட்டருக்குள் இந்த வித்தியாசங்கள் குறுகிப் போய்விடுகின்றன. ஸ்பர் சைக்கிளில் பின்சக்கரத்தருகே சுழல்மூட்டே கிடையாது, சட்டத்தின் கார்பனே சற்று வளைந்து கொடுக்கிறது. எனவே இணைப்பின் பெயரைக் கேட்பதைவிட, பேரிங் தேய்ந்தால் மாற்றித் தர உள்ளூரில் ஆள் உண்டா என்று கேட்பது உசிதம்.

கேள்வி: கையிருப்பு சொற்பம். பணத்தை எதில் போடுவது?

பதில்: முன் டயரில்! 2.4 அங்குல அகலத்தில், மிருதுவான ரப்பரில், டியூப்லெஸ்ஸாகச் சீலண்ட் ஊற்றி, பின் டயரைவிடச் சற்றுக் குறைவான காற்றோடு அதை மாட்டுங்கள். பூமியைத் தொடுகிற ஒரே பாகத்தில் சிக்கனம் பிடித்துவிட்டு, பூமியைத் தொடாத பாகங்களுக்கெல்லாம் கார்பன் பூண் கட்டுகிறவர்களை எண்ணி என் மனம் புண்படுகிறது. அடுத்து பிரேக்: நான்கு பிஸ்டன், 180 மில்லிமீட்டர் ரோட்டர். அதற்கடுத்து, கட்டைவிரல் அழுத்தத்தில் சீட்டைத் தாழ்த்தும் ட்ராப்பர் போஸ்ட். பிறகும் பணம் மிஞ்சினால் இரண்டாவது முன் டயர்.

கேள்வி: வாங்கிய முதல் நாள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: காற்றை அளப்பது. பின் ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். ஷூ, ஹெல்மெட், தண்ணீர் எல்லாவற்றோடும் சுவரோரம் சைக்கிள்மேல் ஏறி, பெடலில் நின்று நான்கைந்து முறை குதித்துவிட்டு, ஓட்டும் பாவனையில் அமருங்கள். நண்பர் ஒருவர் வளையத்தை ரப்பர் சீல் வரைக்கும் தள்ளிவிடட்டும். பிறகு குதிக்காமல், குலுக்காமல் இறங்கிப் பாருங்கள். 45 மில்லிமீட்டர் ஓடக்கூடிய ஷாக்கில் வளையம் 13 அல்லது 14 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் 30 சதவீதம், அது சரி. அதிகம் நகர்ந்திருந்தால் ஷாக் பம்பினால் காற்றை ஏற்றுங்கள், குறைவென்றால் இறக்குங்கள். இதைச் செய்யாமல் சைக்கிளைத் திட்டுவது, தங்களுக்காகத் தைக்காத சட்டைக்காகத் தையற்காரரைத் திட்டுகிற அநியாயம். ஐம்பது மணி நேரம் ஓட்டியதும் ஃபோர்க்கின் கீழ்ப்பாகத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றவும் மறக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 57. சென்ற வருஷம் ஓர் இறக்கத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்து, இப்போது கூடிவிட்டது. ஆசையும் போகவில்லை, அச்சமும் போகவில்லை. இத்தகைய சைக்கிள் வாங்குவது விவேகமா?

பதில்: அன்பரே, விவேகந்தான். மருத்துவர் சம்மதிக்கிறாரா, கையை ஊன்றி எழும் பலம் முழுதும் திரும்பிவிட்டதா என்பதை மட்டும் முதலில் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். அச்சத்தைத் துரத்த வேண்டியதில்லை. எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல துணை இல்லை. பெரிய ட்ராவல் செய்யும் தீங்கு இதுதான்: பாதையின் கரடுமுரடை மறைத்து, தங்கள் பழக்கத்துக்கு மீறிய வேகத்தில் தங்களைக் கொண்டுபோய் விட்டுவிடும். 120 மில்லிமீட்டர் சைக்கிளில் அந்த வேகம் கைகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒவ்வோர் இறக்கத்துக்கும் முன்னால் சீட்டைத் தாழ்த்துங்கள்; உயர்ந்த சீட்டு இடுப்பை முன்னால் தள்ளுவதாலேயே பலர் தலைகுப்புற விழுகிறார்கள். புல்தரையில் ஒற்றை விரலால் பிரேக் பிடித்து நிற்பதை அலுக்கும்வரை பழகுங்கள். தனியே போகாதீர்கள். மனம் ஒப்பாத செங்குத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடுங்கள். அதில் ஓர் இழிவும் இல்லை. வாங்குவதற்கு முன் ஒன்றிரண்டு வார இறுதிகள் வாடகைக்கு எடுத்துப் பார்த்து, இறங்கி வந்ததும் மறுபடி ஏறத் தோன்றினால் வாங்குங்கள். தோன்றவில்லையென்றால் அதுவும் சரியான பதிலே.

கேள்வி: வீட்டில் ஏற்கனவே இரண்டு சைக்கிள்கள். மூன்றாவதற்கு மனைவியிடம் அனுமதி பெறுவது எப்படி?

பதில்: மூன்றாவதை அவருக்கு வாங்குங்கள். அவர் உயரத்துக்கு ஏற்ற பிரேம், அவர் எடைக்கு ஏற்ற காற்று. மலையுச்சிக்கு முதலில் போய்ச் சேர்ந்தபின் நான்காவதற்கு அவரே சிபாரிசு செய்வார்.