விற்ற பொம்மையும் கொடுத்த பொம்மையும்

பெறுநர்:
வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர் அவர்கள்,
வாணிஜ்ய பவன், புது தில்லி.

பொருள்: தலையாட்டி பொம்மைக்குத் தாங்கள் அளித்துவரும் ராஜ மரியாதைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறும் கார்களையும், தஞ்சாவூரிலிருந்து நியூஜெர்சிக்கு இணையத்தில் விலைபோகும் ஒற்றைத் தலையாட்டி பொம்மையையும் சரிசமமாக நடத்துகிற பெருந்தன்மை தங்களுடையது. கார் கம்பெனிக்கு ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீடு வேண்டும்; பொம்மைக்காரருக்கும் வேண்டும். கார் கம்பெனி தன் வங்கியிடம் ஏ.டி. கோடு என்ற வங்கிக் குறியீட்டை வாங்கிச் சுங்கத் துறையில் பதிய வேண்டும். பொம்மைக்காரரும் பதிய வேண்டும். காருக்கு ஹெச்.எஸ். கோடு என்ற சரக்கு வகை எண் உண்டு, களிமண்ணும் காகிதக்கூழும் கலந்து செய்த பொம்மைக்கும் உண்டு. காருக்கு ஷிப்பிங் பில் என்றால் பொம்மைக்கு, தபாலில் போனால் அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியல், கூரியரில் போனால் சி.எஸ்.பி.–5 என்ற படிவம். கார் கம்பெனிக்கு இவற்றைக் கவனிக்கத் தனிமாடி இருக்கிறது. பொம்மைக்காரருக்குத் திண்ணை இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய சமத்துவத்துக்கு முதலில் நன்றி.

ஆனால் தங்கள் விதிகளிலேயே இந்தச் சமத்துவத்துக்கு ஓர் ஓட்டை இருப்பதைப் பணிவோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அதே பொம்மையை அதே அட்டைப்பெட்டியில் வைத்து, அதே முகவரிக்கு, அதே விமானத்தில் அன்பளிப்பாக அனுப்பினால் இவற்றில் ஏறக்குறைய எதுவும் தேவையில்லை. வணிகத்துக்கு அல்லாமல் சொந்தக் காரியத்துக்கு அனுப்புகிறவரிடம் குறியீடு கேட்பதில்லை. கூரியர் விதிகள் 25,000 ரூபாய் வரையிலான அன்பளிப்பை, அந்நியச் செலாவணி சம்பந்தப்படாதவரை, எளிய படிவத்தில் விட்டுவிடுகின்றன. 2,000 ரூபாய் பொம்மையைப் பேத்திக்குக் கொடுத்தால் வழி திறந்திருக்கிறது. பேத்தியின் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றால் வழியெல்லாம் வாயிற்படி. பெட்டிக்குள் இருப்பதில் வித்தியாசமில்லை. முதல் பொம்மை நாட்டுக்கு ஒரு டாலரும் கொண்டுவருவதில்லை, இரண்டாவது கொண்டுவருகிறது என்பதுதான் வித்தியாசம். மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போகிறவரை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, மொய்க் கவரோடு வருகிறவரைப் பந்தல்காலில் நிறுத்தி ஆதார் அட்டை கேட்கிற கல்யாண வீடு நம்முடையது.

கேட்கும் கேள்விகளின் அழகையும் சொல்லவேண்டும். குறியீடு வாங்க 500 ரூபாய்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கியவர் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் தங்கள் தளத்துக்கு வந்து விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். எதுவுமே மாறவில்லையா? எதுவும் மாறவில்லை என்பதை வந்து உறுதிப்படுத்த வேண்டும். மறந்தால் குறியீடு செயலிழக்கும். ஜி.எஸ்.டி. இன்னும் நயமானது. ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம் என்கிறது சட்டம். அந்தப் பூஜ்ஜியத்தை முதலிலேயே அனுபவிக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் ஆர்.எஃப்.டி.–11 படிவத்தில் உறுதிமொழி தரவேண்டும். இல்லையேல் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். இல்லாத வரியைக் கட்டித் திரும்ப வாங்குவதும் ஒரு தவம்தான். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சின்ன வேலை, இணையத்திலேயே முடிகிறது என்பார்கள் தங்கள் அதிகாரிகள். உண்மை. ஆயினும் படிவத்தின் செலவு பொருளின் விலையைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை. ஆடிட்டர் பொம்மையின் உயரத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவதில்லை, வங்கியும் அப்படித்தான். கோடி ரூபாய்ச் சரக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகிற செலவு, 2,000 ரூபாய்ச் சரக்கில் லாபம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு பழைய பயம்: சரக்கு போய்விட்டது, பணம் வந்து சேருமா? அந்நியச் செலாவணிக்கு நாடு ஏங்கிக் கிடந்த காலத்தில் அது நியாயமான பயம். பம்பாய் வியாபாரி லண்டன் வியாபாரிக்குக் கடனில் சரக்கு அனுப்புவார், பணம் மாதங்கள் கழித்து வரும், வராமலும் போகும், வந்த பணம் வெளிநாட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதற்காக ஒவ்வொரு ஷிப்பிங் பில்லுக்கும் எதிரே அதற்குரிய வரவை வங்கி குறித்துக் கணக்கை மூடும் ஏற்பாடு வந்தது. பணம் வந்துசேர 9 மாதம் கெடு. 2025 நவம்பரில் அதை 15 மாதமாக நீட்டினார்கள். இணையக் கடையில் வாங்குகிற அம்மாவோ, பொம்மை பெட்டிக்குள் போகும் முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறார். முன்னரே கட்டிவிட்ட பணம் வந்துசேர 15 மாத அவகாசம் தருவது தங்கள் தரப்பின் தாராளம். வில்லங்கம் வேறிடத்தில். கடைத்தளம் அந்தப் பணத்தை அப்படியே அனுப்புவதில்லை. பல விற்பனைகளை ஒன்றாகத் திரட்டி, தன் கமிஷனைக் கழித்து, விளம்பரச் செலவைக் கழித்து, உடைந்து போனதற்குத் திருப்பிக் கொடுத்ததையும் கழித்து, ஒற்றைத் தொகையாக அனுப்புகிறது. வந்தது ஒரு வரவு; எதிரே நிற்பது ஒரு கத்தைப் பில்; எந்த டாலர் எந்தப் பொம்மையுடையது என்று பிரிக்கச் சித்திரகுப்தனால்தான் முடியும். 2025 அக்டோபர் வரை, கணக்கு மூடாத பில் வங்கியில் நிலுவையாக நின்றது. பொம்மைக்காரர், பணத்தை முழுதும் வாங்கிய பிறகும், பணம் வராதவர் பட்டியலில் இருந்தார்.

பொம்மை திரும்பி வந்தால் கூத்து இன்னும் கூடும். கை உடைந்தது, நிறம் படத்தில் பார்த்தது போல இல்லை என்று வாங்கியவர் திருப்பி அனுப்புவது இணைய வியாபாரத்தில் அன்றாடம் நடப்பது. திரும்பிவரும் பொம்மை தங்கள் பார்வையில் இறக்குமதி. வரி வேண்டாமென்றால், போனதும் வந்ததும் ஒன்றே என்று நிறுவ வேண்டும். கையால் வண்ணம் தீட்டிய பொம்மைக்கு எஞ்சின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ கிடையாது. தலையை ஆட்டி ஆமென்று சொல்லத்தான் அதற்குத் தெரியும்.

வெளிநாடுகள் மட்டும் என்னவாம், அங்கேயும் கெடுபிடிதானே என்று தங்கள் தரப்பில் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்கா 2016 முதல் 800 டாலர் வரையிலான பொட்டலங்களைச் சுங்கவரியின்றி உள்ளே விட்டது. சீனப் பொட்டலங்களுக்கு 2025 மே 2 அன்றும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29 அன்றும் அந்தச் சலுகை ஒழிந்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பதே தெளிவாகாத நிலையில் உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்குப்படி 88 அஞ்சல் நிர்வாகங்கள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து 81 சதவீதம் விழுந்தது. நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் பார்சல்களை நிறுத்தியது. கடிதங்களுக்கும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கும் மட்டும் ஒரு வாரம் விலக்கு இருந்தது. (அந்த ஒரு வாரத்தில் இந்தியர்களுக்கு அமெரிக்காவில் எத்தனை திடீர் மருமக்கள் முளைத்தார்களோ!) பிறகு அதுவும் நின்றது. செப்டம்பர் 22 அன்று நவராத்திரி தொடங்கியபோது கொலு பொம்மைக்குத் தபால் வழி இல்லை. அக்டோபர் 15 அன்று சேவை திரும்பியபோது விஜயதசமி கழிந்து ஏறத்தாழ இரண்டு வாரம். அடுத்த கொலுவுக்கு ஓர் ஆண்டு. திரும்பி வந்த சேவையோடு அறிவித்த விலையில் 50 சதவீதச் சுங்கமும் வந்தது, அதுவும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டும்படியாக. ஐரோப்பிய ஒன்றியமும் இளைத்ததல்ல. 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. 2024 டிசம்பர் 13 முதல், பொருளுக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும் என்கிறது.

அவர்கள் செய்வது கடுமைதான், அமெரிக்கா செய்த விதம் அலங்கோலமும்கூட. ஆனால் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே வருகிற பொருளிடம் அவர்களுக்கு வரி வரவேண்டும், தம் கடைக்காரர்களைக் காப்பாற்ற வேண்டும். வெளியே போகிற பொம்மையிடம் தங்களுக்கு வரவேண்டிய வரி எவ்வளவு? தங்கள் சட்டமே சொல்கிறது: பூஜ்ஜியம். வாங்குகிறவன் வாசலில் சோதனை இருப்பது, விற்கிறவன் வாசலிலும் வைப்பதற்கு நியாயமாகாது. அந்த வாசல் குறுகிக்கொண்டே போகிறது என்றால் இந்த வாசலையாவது அகலத் திறப்பதுதான் வியாபாரம் தெரிந்த வீட்டின் வழக்கம்.

அடுத்தது கடத்தல். இதை நையாண்டி செய்து தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டுக்குத் தெரிந்த வலி இது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல்தான் அவர் திரும்பினார். அவர் நாட்டைவிட்டுப் போனது எப்படி? கைவினைப் பொருள் என்ற ஆவணத்தோடு. படிவம் இல்லாததால் தப்பிய சிலை அல்ல அது, படிவத்தின் துணையோடு போன சிலை. கடத்துகிறவனுக்குப் படிவம் நிரப்பச் சலிப்பில்லை; அவனுக்கு அது தொழில் முதலீடு. சலித்து விட்டுப்போகிறவர் சுவாமிமலையில் நேற்று வார்த்த விளக்கை விற்க நினைத்தவர்தான். தவிர, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விற்றாயா, கொடுத்தாயா என்று கேட்பதே இல்லை. நூறாண்டுப் பழமை உண்டா இல்லையா என்று பொருளைப் பார்க்கிறது. அதுதான் சரியான கேள்வி. அது இருக்கட்டும், இன்னும் கூர்மையாகவே இருக்கட்டும். எக்ஸ்ரே இயந்திரமும் அன்பளிப்புப் பெட்டிக்கு ஒரு கண்ணும் விற்பனைப் பெட்டிக்கு ஒரு கண்ணும் வைத்துப் பார்ப்பதில்லை. பாதுகாப்பு முழுக்கப் பெட்டியைப் பார்ப்பதில் இருக்கிறது; குறியீட்டை ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பதில் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சிறு விற்பனை என்ற பெயரில் விலையை ஊதிக்காட்டி, வரித் திருப்பமும் ஏற்றுமதிச் சலுகையும் கறப்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அப்படியானால் கறக்க வருகிறவரிடம் எல்லாப் படிவமும் கேளுங்கள். எனக்குச் சலுகையும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம், பொம்மை போனால் போதும் என்கிறவரிடம் எதைக் காப்பாற்றுகிறோம்? அந்தச் சலுகைகளும் சின்னவர்களைத் தேடி வந்துவிடவில்லை. ரோட்டெப் என்ற வரித் திருப்பத் திட்டம் 2021 ஜனவரியில் தொடங்கியது. தபாலில் போகும் ஏற்றுமதிக்கு அது கிட்டியது 2026 ஜனவரியில். ஐந்தாண்டுக் காலம் படிவம் மட்டும் சமமாக இருந்தது.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். 2022 டிசம்பரில் தொடங்கிய தபால் நிலைய ஏற்றுமதி மையங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பட்டியலை வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். 2023இன் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை கூரியர் உச்சவரம்பை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக்கியது. 2,000 ரூபாய்ப் பொம்மைக்கு உச்சவரம்பு எங்கே இடித்தது என்பது வேறு விஷயம்; உயரமானவர்களுக்காக நிலைப்படியை உயர்த்தியது நல்லதே. எல்லாவற்றிலும் பெரியதைச் செய்தது ரிசர்வ் வங்கி. 2025 அக்டோபரில் அது, 10 லட்சம் வரையிலான பில்களுக்கு, பணம் வந்துவிட்டது என்று ஏற்றுமதியாளரே எழுதிக் கொடுத்தால் கணக்கை மூடலாம், பல பில்களைச் சேர்த்துக் காலாண்டுக்கு ஒரு முறை தரலாம், விலை குறைந்திருந்தால் அதையும் அவர் சொல்லையே வைத்து ஏற்கலாம் என்றது. அந்நியச் செலாவணியைக் காக்கவேண்டிய பொறுப்பு யாருடையதோ அவர்களே 10 லட்சம் வரை எழுதிக் கொடுத்த சொல்லை நம்பிவிட்டார்கள். அதற்காக ரூபாய் மூழ்கிவிடவில்லை. பயத்துக்குச் சொந்தக்காரர் தெளிந்துவிட்டார். அவர் சார்பில் பயந்துகொண்டிருந்த மற்ற துறைகள்தான் இன்னும் கதவைத் தாழிட்டுக்கொண்டிருக்கின்றன.

2030க்குள் இணைய ஏற்றுமதி 20,000 கோடி டாலரிலிருந்து 30,000 கோடி டாலர் வரை போகக்கூடும் என்று தங்கள் கொள்கை எதிர்பார்க்கிறது. அந்தத் தொகையைத் தலையாட்டி பொம்மையும் பத்தமடைப் பாயும் கொண்டுவந்துவிடும் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் முதல் பெட்டியை அனுப்பாதவர் ஆயிரமாவது பெட்டியை அனுப்பப் போவதில்லை.

ஆகவே விண்ணப்பம் இதுதான். பார்சலில் ஒட்டுகிற சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதே படிவத்தில், அதே வரிசையில், ‘பொருள் விற்பனை’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. 25,000 ரூபாய்க்குள் இருக்கும் பெட்டிக்கு, சலுகை எதுவும் கோராதவரை, எந்தக் கட்டத்தில் டிக் போட்டாலும் ஒரே நடைமுறை என்று ஓர் அறிவிக்கை போடுங்கள். அனுப்புகிறவரின் பான் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; வருமான வரிக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். வரம்பு தங்களுடையது, படிவம் உலகத்துடையது, புதிதாக அச்சடிக்க வேண்டியது எதுவுமில்லை. அதுவரை கட்டம் மாற்றி டிக் போடும் கலை நாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். வெளிநாட்டில் வாழும் பேத்திகளின் எண்ணிக்கையும்.

இப்படிக்கு,
பொம்மைக்காரர்களின் நலம் நாடும் ஒருவன்.

நகல்: மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம், ஜி.எஸ்.டி. மன்றம், அஞ்சல் துறை.

இணைப்பு: இல்லை. (இணைப்பு எதுவும் இல்லை என்பதற்கான இவ்வாண்டு உறுதிமொழி தனியே அனுப்பப்படும்.)