யார்கிட்ட பேசுறீங்க?

இந்த வாரம் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்தருளவும்.

சமைக்கும்போது என் மனைவி, "உப்பு போட்டாச்சு... பெருங்காயம் போடலை... அடுப்பைச் சின்னதா வை" என்று தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். "யார்கிட்ட பேசுற?" என்றால் "உங்ககிட்ட இல்லை" என்று பதில் வருகிறது. இது ஏதாவது கோளாறா?
– தஞ்சாவூர் வாசகர்

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா? இல்லையென்றால் கோளாறு இல்லை. மூன்று பர்னரில் மூன்று பாத்திரம் கொதிக்கும் இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். நீங்கள் ஹாலில் பேப்பர் படிப்பதால் அந்த வேலையையும் அவரே பார்க்கிறார்.

நாலு வயசுப் பேத்தி பிளாக் அடுக்கும்போது, "இது இங்க... இல்ல, விழுந்துடும்... பெருசு கீழ" என்று ஓயாமல் வர்ணனை கொடுக்கிறாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. வளர்ந்தால் போய்விடுமா?
– காரைக்குடி தாத்தா

போகாது, உள்ளே போகும். இதில் இரண்டு பெரிய ஆட்கள் மோதியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1923-இல் வந்த தன் புத்தகத்தில், குழந்தைக்கு அடுத்தவர் இடத்திலிருந்து யோசிக்கத் தெரியாது, அதனால்தான் இப்படித் தன்பாட்டுக்குப் பேசுகிறது, விவரம் வந்தால் உதிர்ந்துவிடும் என்றார். ரஷ்யாவின் லெவ் விகோட்ஸ்கிக்கு இது பிடிக்கவில்லை. படம் வரையும் குழந்தைகளுக்கு வேண்டிய கலர் பென்சில் கிடைக்காமல் செய்துவிட்டு வேடிக்கை பார்த்தார். தனிப்பேச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. சிக்கல் வந்தால் கூடுகிற பேச்சு எப்படி வெறும் உளறலாகும்? அது யோசனை, இன்னும் வாய்க்கு வெளியே நடக்கிறது, அவ்வளவுதான். வளர வளர அதுவே முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, கடைசியில் சத்தமில்லாத மனப்பேச்சாகிவிடும் என்றார்.

1934-இல் காசநோயில் போனபோது விகோட்ஸ்கிக்கு 37 வயது. இந்த வாதம் அடங்கிய புத்தகம் அதே வருடம் வந்தது. சோவியத் அரசு சீக்கிரமே அவர் எழுத்தை மூட்டை கட்டி வைத்தது. ஆங்கிலத்தில் 1962-இல்தான் வெளிவந்தது. அப்போது பியாஜே அதைப் படித்துவிட்டு, இந்த விஷயத்தில் விகோட்ஸ்கி சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுவதாக எழுதினார். எதிராளி இறந்து 28 வருடம் கழித்து உடன்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு.

பேத்தி பேசும்போது குறுக்கே போய், "பெருசு கீழன்னு நான் அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுப்பில் பால் வைத்துவிட்டு என் அம்மா, "பொங்கிடாதே, பொங்கிடாதே" என்று பாலிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார். பால் கேட்குமா?
– சேலம் மாணவி

பாலுக்குக் காது இல்லை, அம்மாவுக்கு இருக்கிறது. வாய் அதைச் சொல்கிற வரைக்கும் கால் ஹால் பக்கம் போகாது. சீரியலில் விளம்பரம் முடிந்து வாய் நிற்கும், அந்த நிமிடம் பால் பொங்கும்.

தினமும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்தபின், "பூட்டினேனா?" என்று சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கிறது. விமோசனம் உண்டா?
– மதுரை ஆசிரியை

உண்டு. நாளைக் காலை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அதை விரலால் காட்டி, "பூட்டியாச்சு, செவ்வாய்க்கிழமை" என்று காதில் விழும்படி சொல்லுங்கள். கிழமை முக்கியம். நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஞாபகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கிழமைதான் பிரித்துக் காட்டும்.

உங்களுக்கு மறதி இல்லை டீச்சர், பழக்கம் முற்றிவிட்டது. ஆயிரம் தடவை செய்த வேலையைக் கை தானாகவே முடித்துவிடுகிறது. மனசு அதற்குள் எட்டாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகச் செய்யும் வேலையில் நாம் பயந்துகொண்டே கவனிப்போம். பழகிய வேலையில்தான் ஆளே இருப்பதில்லை. வாயைத் திறந்தால் ஆள் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

ஜப்பான் ரயில்வேக்காரர்கள் இதைக் கண்டுபிடித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் 'ஷிசா கான்கோ'. விரலால் காட்டி வாயால் சொல்வது. டோக்கியோ ரயிலில் முதல் பெட்டிக்குப் போய், டிரைவர் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். வெள்ளைக் கையுறை போட்ட விரல் முன்னால் நீளும். சிக்னலின் நிறத்தைச் சொல்வார். விரல் கால அட்டவணைக்கு இறங்கும். அடுத்து எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்வார். அறையில் வேறு யாரும் கிடையாது. அவர் பாட்டுக்குக் காட்டுகிறார், சொல்கிறார், தலையாட்டிக்கொள்கிறார். கார்டும் பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலால் ஒரு வீச்சு வீசிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வண்டியை விடுவார்.

விளையாட்டில்லை இது. 1994-இல் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துப் பார்த்தது. எளிய வேலைதான், சும்மா செய்தபோது 100-க்கு 2.38 தவறு, காட்டியும் சொல்லியும் செய்தபோது 0.38. ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. கண், கை, வாய், காது நாலும் ஒரே விஷயத்தில் கையெழுத்துப் போட்டால் தப்பு நுழைய இடம் குறைவு.

நியூயார்க் சுரங்க ரயில் 1996-இல் இதில் பாதியை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தின் நடுவே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பலகை தொங்கும். கண்டக்டர் அதை விரலால் காட்ட வேண்டும். வாயால் சொல்வதை விட்டுவிட்டார்கள். கூச்சமாக இருந்திருக்கும். நம் ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னல் நிறத்தைக் கை நீட்டி ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லியாக வேண்டும், அது விதி. ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் அப்பர் பெர்த்தில் நிம்மதியாகக் குறட்டை விடுவதில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளப்பவர் ஒவ்வொரு மரக்காலுக்கும் எண்ணை இழுத்து இழுத்துச் சொல்வார். அவரிடம் நடுவில் பேச்சுக் கொடுத்தால் கெட்ட கோபம் வரும். எண்ணை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?
– மன்னார்குடி விவசாயி

வைத்துக்கொண்டால் நீங்கள் நம்புவீர்களா? களத்தில் சத்தம்தான் ரசீது. 'ஒன்று' என்பதற்குப் பதிலாக 'லாபம்' என்று தொடங்கி, அடுத்த மரக்கால் நிரம்பும் வரை அதே எண்ணைத் திரும்பத் திரும்ப ராகமாக இழுப்பது அளக்கிறவருக்கும் சௌகரியம், விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சாட்சி.

கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-இல் ஒரு கருத்தை வைத்தார்கள். நடப்பு வேலைக்கு வேண்டிய எண்ணையும் சொல்லையும் தலைக்குள் ஒலியாகவே வைத்திருக்கிறோம். அந்த இடம் ரொம்பச் சின்னது; சுமார் இரண்டு வினாடிக்குச் சொல்லக்கூடிய அளவுதான் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தால் தங்கும், நிறுத்தினால் அழியும். அவர் 'முப்பத்தேழு' என்று பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள், "அண்ணே, மருமகன் எப்ப துபாய் போறாப்ல?" என்று கேட்டால் அந்த இரண்டு வினாடிக்குள் துபாய் போய் உட்கார்ந்துவிடும். புள்ளி வைத்துக் கோலம் போடுபவரிடமும், ஸ்வெட்டர் பின்னுபவரிடமும், கல்லாவில் நோட்டு எண்ணுபவரிடமும் இதே மரியாதையைக் கடைப்பிடிக்கவும்.

வண்டிச் சாவியைத் தேடும்போது "சாவி, சாவி" என்று புலம்பிக்கொண்டே தேடுகிறேன். பிரயோஜனம் உண்டா?
– திருநெல்வேலி வாசகர்

கொஞ்சம் உண்டு. அமெரிக்காவின் கேரி லுப்யான், டேனியல் ஸ்விங்லி இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. பல படங்களுக்கு நடுவே ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே தேடியவர்கள் பொதுவாகச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். ஆனால் பெயரைச் சொன்னதும் உருவம் கண்முன் வரவேண்டும். வாழைப்பழம் என்றால் வரும். "ஏதோ ஒரு பேப்பர், அன்னைக்கு யாரோ கொடுத்தாங்களே" என்று புலம்பினால் தேடல் இன்னும் மந்தமாகும். தலையில் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடிக்கு எந்த ஆராய்ச்சியும் உதவாது. மனைவியைக் கேட்கவும்.

சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிறார் அப்பா. சரியா?
– பத்தாம் வகுப்பு, விழுப்புரம்

பாதி சரி. வாய்விட்டுப் படித்த சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்று கனடாவின் காலின் மெக்லியோட் குழு 2010-இல் காட்டியது. ஆனால் சிலவற்றைச் சத்தமாகவும் மற்றதை மௌனமாகவும் படித்தபோதுதான் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எல்லாவற்றையும் கத்தினால் எதுவும் தனித்து நிற்காது. முக்கியமான வரிகளை மட்டும் சத்தமாகப் படியுங்கள். அப்பாவுக்கும் நிம்மதி, பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி.

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், மேஜையில் ஒரு ரப்பர் வாத்து வைத்து அதனிடம் ஆபீஸ் வேலையை விளக்கிக்கொண்டிருக்கிறான். பெண் பார்க்கிற நேரத்தில் இப்படி...
– ஓஎம்ஆர், சென்னை

பயப்படாதீர்கள் அம்மா, அது தொழில் முறை. ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-இல் எழுதிய ஒரு நிரலாளர் கையேட்டிலேயே இந்த வாத்து இருக்கிறது. நிரலில் பிழை எங்கே என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாத்துக்கு வாய்விட்டு விளக்க வேண்டும். மனசுக்குள் தாவித் தாவிப் போகிறவன், வாயால் சொல்லும்போது வரி விடாமல் நடந்தாக வேண்டும். எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அங்கேதான் பிழை. வாத்தின் சிறப்பு, நடுவில் "இதைத்தான் நான் போன வாரமே சொன்னேன்" என்று சொல்லாது. வரப்போகும் மருமகளிடம் வாத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடவும்.

தப்புச் செய்தால் "டேய் மடையா, உனக்கு அறிவிருக்கா" என்று என்னையே பேர் சொல்லித் திட்டிக்கொள்கிறேன். நல்லதா?
– கோவை வாசகர்

பேர் சொல்வது நல்லது, திட்டு வேண்டாம். பதற்றமான நேரத்தில் 'நான்' என்று யோசிப்பதைவிட, தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசியவர்கள் நிதானமாக இருந்தார்கள் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ராஸ் 2014-இல் எழுதினார். அடுத்தவனுக்குப் புத்தி சொல்வது நமக்கு எப்போதுமே சுலபம். தன்னையே அடுத்தவனாக்கிக்கொள்கிற தந்திரம் இது.

நம் ஆட்களுக்கு இது பழைய விஷயம். சங்க அகப்பாட்டில் தலைவன் பொருள் தேடப் போகலாமா, வேண்டாமா என்று தன் நெஞ்சோடு உட்கார்ந்து வாதாடுவான். குறளில் இதற்கென்றே இரண்டு அதிகாரம்: 125-ஆவது 'நெஞ்சொடு கிளத்தல்', 130-ஆவது 'நெஞ்சொடு புலத்தல்'. முதலாவதில் பேச்சு, இரண்டாவதில் சண்டை. கவனித்தீர்களா, அங்கேயும் நெஞ்சைக் குறை சொல்வார்கள், கெஞ்சுவார்கள், கேலி செய்வார்கள்.

காது கேளாதவர்கள் தனியாகப் பேசிக்கொள்வார்களா?
– புதுச்சேரி வாசகி

கையால் பேசிக்கொள்வார்கள். சைகை மொழியில் வளர்ந்தவர்கள் யோசனையில் இருக்கும்போது விரல்கள் தமக்குள்ளேயே சின்னச் சின்னதாய் அசைவதைப் பார்க்கலாம்.

எந்த நிலையில் கவலைப்பட வேண்டும்? சிரிக்காமல் பதில் சொல்லவும்.
– பெயர் வேண்டாம், ஓசூர்

சிரிக்கவில்லை. பேசுவது நான்தான் என்று தெரிந்து, நினைத்தால் நிறுத்த முடிந்தால் கவலை இல்லை. வேறு யாரோ பேசுவதுபோல் குரல் கேட்டு அதற்குப் பதில் சொல்கிறார் என்றாலோ, அந்தக் குரல் ஏவுகிறது, மிரட்டுகிறது என்றாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மேலே மதுரை ஆசிரியைக்குச் சொன்ன வைத்தியமும் எல்லாருக்கும் பொருந்தாது. பூட்டைப் பார்த்து, சொல்லி, திரும்பப் பார்த்து, திரும்பச் சொல்லி, வாசலை விட்டே கிளம்ப முடியவில்லை என்றால் அது சிகிச்சை உள்ள ஒரு நோய். இன்னும் உரக்கச் சொல்வதால் தீராது. மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ்: 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

தனியாகப் பேசும்போது யாராவது பார்த்துவிட்டால் எப்படிச் சமாளிப்பது?
– திருச்சி வாசகி

காதில் ப்ளூடூத் மாட்டிக்கொள்ளலாம். நடுரோட்டில் கையை வீசிக் கத்தினாலும் 'பெரிய ஆபீஸர் போல' என்று வழி விடுவார்கள். அது இல்லையா, பேசிய வாக்கியத்தின் கடைசி வார்த்தையை அப்படியே ராகமாக இழுத்து ஏதாவது ஒரு இளையராஜா பாட்டுக்குள் போய்விடுங்கள். "கேஸை மூடினேனா..." என்பதற்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைக்கவும்.