பின்னலூசித் தேர்வும் காரைக்கால் பேருந்தும்

கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துக் குல்லாயாகவோ ஸ்வெட்டராகவோ ஆக்குவதற்குரிய கருவி பின்னலூசி எனப்படும். அது நேரூசி, வட்டவூசி என இருவகைத்து. நேரூசி என்பது முழத்துக்குச் சற்றுக் குறைந்த தண்டு. ஒரு முனை கூராகவும், மறுமுனை கண்ணிகள் கழன்று ஓடாதபடி குமிழ் வைத்ததாகவும் இருக்கும். இரண்டு சேர்ந்தது ஒரு சோடி. வட்டவூசியோ பெயரளவில்தான் வட்டம். சாண் நீளம்கூட இல்லாத இரு குட்டையூசிகளை வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் வடம் ஒன்று பிணைத்திருக்கும். முனைக்கு முனை 40 செ.மீ. தொடங்கி 100 செ.மீ.க்கு மேலும் கிடைக்கும். இவ்விரண்டில் எதை வாங்குவது என்னும் வினாவைக் காரைக்காலை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஃதேல், மார்கழியிலும் மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைப்பதோடு குளிர்காலம் முடிந்துவிடும் ஊரில் கம்பளிக்கு என்ன வேலை எனின், இரண்டு வேலை உண்டு என்க. முதலாவது, பிறந்த குழந்தைக்குக் கோடையானாலும் காது மூடக் குல்லாய் வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் மறுக்கவொண்ணாத விதி. இரண்டாவது வரலாறு தந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்த இவ்வூரில், பிரெஞ்சுக் குடியுரிமையைக் கைக்கொண்ட குடும்பங்கள் இன்றும் உண்டு. அவற்றின் பேரப்பிள்ளைகள் பாரீசில் நடுங்குகையில், லூதியானாவில் உருண்டையாகச் சுற்றப்பட்ட நூல் காரைக்கால் திண்ணையில் ஸ்வெட்டராகிக் கடல் கடப்பதில் வியப்பில்லை. இப்பகுதியில் பாயும் காவிரிக் கிளைகளுள் ஒன்றுக்கு நூலாறு என்று பெயர் இருப்பதைச் சான்றாகக் காட்ட ஆசை எழும். ஆற்றின் பெயரை வைத்து ஆடை பின்னுவது ஆய்வுக்கு அழகன்று என்பதால் அது கைவிடப்படுகிறது.

நேரூசியே தொன்மையானது, வட்டவூசி நேற்று வந்த நாகரிகம் என்பது நேரூசிக் கட்சியாரின் முதல் வாதம். வட்டவூசிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது 1918இல் என்பதால் கருவியளவில் இது மெய்போலத் தோன்றும். ஆனால் வட்டமாகப் பின்னும் முறை மிகப் பழையது. இருபுறமும் கூரான நான்கைந்து சிற்றூசிகளைச் சதுரம்போல் அமைத்துச் சுற்றிச்சுற்றிப் பின்னுவார்கள். 1400ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய ஓவியர் மாஸ்டர் பெர்ட்ரம் தீட்டிய படத்தில் மரியாள் குழந்தை இயேசுவின் சட்டையை நான்கு ஊசிகளில் இவ்வாறே பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆகவே தொன்மை வாதம் முதல் கண்ணியிலேயே அவிழ்கிறது.

வட்டவூசியில் வட்டமானவற்றை மட்டுமே பின்ன முடியும் என்பது அடுத்த வாதம். இதற்கு விடை கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் இருக்கிறது. மீனவர் கையிலுள்ள வலையூசி, நூல் சுற்றிய, நாக்கு வடிவிலான ஒரு தட்டைச் சில்லு. அதே ஊசியால்தான் விரிப்புப்போல் நீளும் செவுள் வலையின் கிழிசலும் முடியப்படுகிறது. மேலே சிறு வளையத்தில் தொடங்கி, இறங்க இறங்கக் கண்ணிகளைக் கூட்டி, விளிம்பில் ஈயக் குண்டு கட்டும் வீச்சு வலையும் முடியப்படுகிறது. வடிவம் கையில் இருக்கிறதே ஒழிய ஊசியில் இல்லை. வட்டவூசியிலும் வரிசை முடிந்ததும் வேலையைத் திருப்பிப் பிடித்தால் தட்டையான துணி தானாக வரும். நேரூசியிலோ குழாய் வடிவம் நேரே வராது. தட்டையாகப் பின்னி ஓரங்களை மூட்டியாக வேண்டும். மூட்டிய குல்லாயின் தையல் குழந்தையின் மென்தலையில் கோடாகப் பதியும். ஐயமுடையோர் தம் திருப்பூர்ப் பனியனைத் தூக்கி விலாப்புறம் பார்க்கலாம். வட்டப் பின்னல் எந்திரத்தில் குழாயாகவே வந்த பனியனில் பக்கத் தையல் இராது.

இனி இவ்வாய்வின் உயிர்நிலை: பேருந்து. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் துண்டு நிலம். தலைநகரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இடையில் கிடப்பது தமிழ்நாடு. ஒரு கோப்பு நகர வேண்டுமானால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் போய்வர வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் இரு முனைகள், சாலையே வடம் என்று கொண்டால் இப்பிரதேசமே ஒரு வட்டவூசிதான். மாகேயும் ஏனாமும் நழுவிப்போன கண்ணிகள். இப்பயணத்தில் மூவர் இருக்கையின் நடுவில் அமர்ந்து நேரூசி பிடிப்பவரின் இரு முழங்கைகளும் அகல விரிய, இடப்பக்கத்தார் சன்னலோடும் வலப்பக்கத்தார் நடைபாதையோடும் ஒட்டிக்கொள்கின்றனர். சீர்காழி நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சுக்காரர் ஏறுகிறார். காசெடுக்க ஊசியை மடியில் வைத்த நொடியில் பேருந்து குலுங்க, அலுமினிய ஊசி கண்ணிகளை உதறிவிட்டு, கணகணவென்று இருக்கைகளுக்கடியே உருண்டு ஓட்டுநரின் காலடியில் போய் நிற்கிறது. தொண்ணூறு கண்ணிகள் அந்தரத்தில் வாய்பிளந்து கிடக்கின்றன. வட்டவூசிக்காரரோ கண்ணிகளை வடத்தின் நடுவுக்குத் தள்ளிவிட்டுப் பிஞ்சுக்குக் கை நீட்டுகிறார். ஊசி இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போவதில்லை. ஆடையின் எடையும் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் இறங்குகிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பர். இக்கனத்தைத் திருடிப்போக அவ்வழியில் எவரும் முன்வரமாட்டார்.

வட்டவூசிக்குக் குறையே இல்லையோ எனின், உண்டு. புதிய வடம் பெட்டியில் சுருண்ட சுருளை மறக்காமல் முறுக்கிக்கொண்டே நிற்கும். வெந்நீரில் சற்றுநேரம் போட்டெடுத்தால் அடங்கும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு 35 செ.மீ. அளவே என்பதால், 40 செ.மீ. ஊசியில்கூடக் குல்லாயின் கண்ணிகள் சுற்றி எட்டமாட்டா. அதற்கு 80 செ.மீ. ஊசியே ஏற்றது, மிகுந்த வடத்தைக் கண்ணிகளின் நடுவே வெளியே இழுத்து வளையமாக விட்டுவிட்டுப் பின்னினால் எவ்வளவு சிறிய சுற்றும் அமையும்.

ஆகவே காரைக்காலில் கம்பளி பின்னுவோர் 4 மி.மீ. பருமனும் 80 செ.மீ. நீளமும் உள்ள வட்டவூசி ஒன்றை வாங்குக. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நேரூசிகளை எறிய வேண்டா. ஒன்று இட்லி வெந்ததா என்று குத்திப் பார்க்க உதவும். மற்றொன்றின் குமிழ் முனை, முதுகில் கை எட்டாத இடத்துக்குச் சரியாக எட்டும்.