ஓவரா, அவுட்டா?

கேள்வி: ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எதற்கெடுத்தாலும் 'ரோஜர்', 'ஓவர் அண்ட் அவுட்' என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், திருச்சி

பதில்: பாதிதான் சரி. ரோஜர் என்றால் 'நீங்கள் சொன்னது முழுதும் வந்து சேர்ந்தது' என்று மட்டுமே பொருள். 'ரிசீவ்ட்' என்பதன் முதல் எழுத்து ஆர். இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ரேடியோவில் அந்த எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். 1956-ல் ஆர் 'ரோமியோ' ஆகிவிட்டது. ரோஜர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை!

"நாளை காலை ஆறு மணிக்கு வா" என்கிறார் மேலதிகாரி. "ரோஜர்" என்று சொல்லிவிட்டு நீங்கள் இழுத்துப் போர்த்தித் தூங்கினாலும் சொல் தவறவில்லை. வருவதாக ஒப்புக்கொள்ளும் வார்த்தை 'வில்கோ'. அதாவது, சொன்னபடி செய்கிறேன்.

வாக்கிடாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பட்டனை விடுவதற்கு முன் 'ஓவர்' என்றால், 'நான் முடித்தேன், உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்'. 'அவுட்' என்றால், 'பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம்'. இரண்டையும் சேர்த்துச் சொல்வது, சாப்பிட வாருங்கள் என்று அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போல. சினிமாவில் எத்தனை கமாண்டோக்கள் சொன்னாலும் அது பிழைதான்.

"பத்து மணிக்கு வருகிறேன், அவுட்." இது போதும்.